கனடாவுக்குப் போன ரூத்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிஞ்சு சனம் மண்டபத்தில கோப்பி குடிச்சுக்கொண்டு நிக்குது. இராயப்பு அண்ணை என்ர கோட்டுக் கையைப் பிடிச்சு வெளியில இழுத்துக்கொண்டு போனார். கதைக்கவே கூடாது எண்டு டொக்டர் சொல்லிவிட்ட மனுசன். சைக்கிள் விடுற இடத்துக்குப் போய், ஆரும் நிக்கினமோ எண்டு சுத்திப் பாத்துப்போட்டு, காத்துப் பாதி குரல் பாதியாச் சொன்னார்.

"பென்ஜமின், லவினியா கடைசிப் பாகத்தைக் கண்டுபிடிச்சிட்டாள். நாளைக்குப் போடப் போகினமாம்."

ஒரு அமெரிக்கச் சிரிப்பு நாடகத்தின்ர கடைசிப் பாகத்துக்கு இந்த ரெண்டு கிழடுகளும் ஏன் நடுங்குதுகள் எண்டு நீங்கள் நினைப்பியள். சொல்லுறன், பொறுங்கோ. எனக்கு எதையும் தொடக்கத்தில இருந்து சொன்னாத்தான் சொல்ல வரும்.

இராயப்பு அண்ணை மன்னார்ப் பக்கம். நான் யாழ்ப்பாணம், கரையூர். தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில கொலோனுக்குப் பக்கத்தில ஒரு அகதி முகாமில சந்திச்ச நாங்கள், இண்டுவரைக்கும் ஒட்டிக்கொண்டு திரியிறம். அவருக்கு வேலை லோன்றியில. ஹொட்டல்களின்ர கட்டில் விரிப்பு தோய்க்கிற இடம். ஆனா கொலோன் தமிழாக்களிட்டக் கேட்டால் லோன்றியை ஒருத்தரும் சொல்லாயினம், அவற்ற குரலைத்தான் சொல்லுவினம். பூசையில வாசகம் வாசிக்கிறது அவர், கலியாண வீட்டில ஒலிவாங்கி பிடிக்கிறது அவர், தவக்காலத்தில யேசுவின்ர பாடுகளைச் சொல்லுற பசாம் பாடிச் சனத்தை அழவைக்கிறது அவர். கெவலார் மாதா கோவில் திருவிழாவில பிள்ளையைத் துலைச்ச தாய்மார் பொலிசிட்டப் போகமாட்டினம், இராயப்பு அண்ணையைத் தேடித்தான் ஓடுவினம். அவர் ஒருக்காக் கூப்பிட்டாரெண்டால் பிள்ளை எங்க நிண்டாலும் வரும்.

அந்தக் குரல் போன வருசம் கரகரக்கத் தொடங்கிச்சுது. லோன்றி ஆவியால எண்டு மனுசன் சமாளிச்சுக்கொண்டு இருந்திட்டார். விசர் மனுசன். கடைசியாக் காட்டினபோது குரல்வளையில கட்டி. முழுசா எடுக்கவேணும், புதன்கிழமை ஒப்பரேசன். பிறகு சின்னதொரு வால்வு வச்சுக் கதைக்கலாமாம், ஆனா அது வேற குரலாம். டொக்டர் அதை மறைக்காமல் சொல்லிப்போட்டார்.

இனி நாடகம். அமெரிக்காவில அதுக்கு வேற என்னவோ பேர். ஜெர்மன்காரர் தங்கட பாட்டுக்கு வால்டர் வீட்டு அமளி எண்ட கருத்தில ஒரு பேரை வச்சாங்கள். வால்டர் எண்டொரு குண்டு மனுசன், அவற்ற பெஞ்சாதி ரூத், ரெண்டு பிள்ளையள், நிலவறையில குடியிருக்கிற ஒரு மாமனார். அவ்வளவுதான் கதை. முகாமில பொது அறையில ஒரு ரி.வி இருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு ரெண்டு பாகம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போகும். எல்லாம் ஜெர்மன் குரலில. அண்ணை மொழி வகுப்புக்குப் போனவர், பாதி விளங்கும். புஷ்பமலர் அக்காவுக்கு, அதுதான் அவற்ற மனுசிக்கு, அப்ப ஒரு சொல்லும் விளங்காது. "என்ன சொல்லுறான்?" எண்டு அவா கேக்க, அண்ணை தமிழில சொல்லத் தொடங்கினார். அதோட பிடிச்ச பழக்கம்.

சும்மா சொல்லுறதெண்டு நினைக்காதேங்கோ. வால்டருக்கு அடித் தொண்டைக் குரல், மாமனாருக்கு மூக்கால ஒரு குரல், ரூத்துக்கு வாய்க்காறி மீன்காரியின்ர குரல். அங்க அமெரிக்காவில சனம் சிரிக்க முதல் இஞ்ச நாங்கள் சிரிப்பம். விளங்காத பாதியை மனுசன் தானே கட்டி இறக்குவார். வால்டற்ற மாமனார் மன்னார்க் கருவாட்டைப் பற்றிப் பெருமை அடிக்கேக்கைதான் இது கட்டுறது எண்டு எங்களுக்குத் தெரியவரும். ஆனாலும் ஆருக்கு வேணும் உண்மை? பக்கத்து அறைச் சனமெல்லாம் கதவடியில நிண்டு கேக்கும்.

அந்த நாடகத்தை அந்தக் கோதாரி விழுந்த ரி.விக்காரர் படுத்தின பாடு கொஞ்சமில்லை. மூண்டாவது சீசன் முடிய, ஒரு சொல்லுச் சொல்லாமல் திரும்ப முதலாவதில தொடங்கினாங்கள். பிறகு காலைக்கு மாத்தினாங்கள். அண்ணை போர்மனைக் கெஞ்சிப் பின்னேர வேலைக்கு மாறினார். அவர் மாறின கையோட திரும்பப் பின்னேரத்துக்குக் கொண்டுபோனாங்கள். அஞ்சாவது சீசன் பாதியில நிக்க, அந்த நேரத்துக்கு ஆரோ பொம்பிளையள் இருந்து சண்டை பிடிக்கிற நிகழ்ச்சியைப் போட்டாங்கள். வேறொரு சனல் அதை எடுத்துத் தொடரேக்கை முகாம் முடிஞ்சு நாங்கள் வீடு எடுத்திட்டம், அண்ணையின்ர மகள் லவினியா பிறந்து நடக்கிறாள். அதுக்கிடையில வால்டருக்கு ஜெர்மன் குரல் குடுத்தவன் போய், வேற ஒருத்தன் வந்திட்டான். கீச்சுக் குரல். அண்ணைக்கு வந்த கோபத்தைப் பாக்கவேணும். ஆனா எங்கட வீட்டில வால்டற்ற குரல் மாறேல்ல. அண்ணை பழைய குரலிலயேதான் சொன்னார்.

அந்தக் காலத்திலதான் றெஜினா செத்தது. புஷ்பமலர் அக்கான்ர தங்கச்சி. கனடாவில இருந்த தமையன் கூப்பிட்டு, எல்லா ஒழுங்கும் முடிஞ்சு, கொழும்புக்கு வெளிக்கிட்டு வவுனியாவில நிண்டவா. ஷெல் விழுந்து அந்த இடத்திலயே சரி.

அக்கா அழேல்ல. அழுதிருந்தால் நாங்கள் ஏதாவது சொல்லித் தேத்தியிருப்பம். சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தா. பிள்ளைக்குத் தீத்துவா, தான் சாப்பிடா. நாலு மணிக்கு மட்டும் வந்து செற்றியில இருப்பா. ஏனெண்டால் ரூத், இடுப்பில கையை வச்சுக்கொண்டு வால்டரைப் பேசேக்கை, அச்சொட்டா றெஜினாவேதான். றெஜினாவைப் படத்தில மட்டும் பாத்த எனக்கே அப்பிடித் தெரியும். ரூத் பேச அக்கான்ர வாய் ஒரு ஓரத்தில அசையும். அதுக்காகவே அண்ணை அந்த நாளையில தன்ர முழுப் பலத்தையும் ரூத்தின்ர குரலுக்குத்தான் போட்டவர்.

பிறகு பாருங்கோ, ஆறாவது சீசன் தொடங்குது. நானும் அங்கதான், தேத்தண்ணியோட செற்றியில இருக்கிறன். முதல் காட்சி குசினி. வால்டர் கறுப்பு ரை கட்டிக்கொண்டு நிக்கிறார். பிள்ளையள் கறுப்பு உடுப்பு. கதிரையில ரூத்தின்ர ஏப்ரன் தொங்குது. ரூத்தா நடிச்சவாவுக்குக் கொம்பனியோட ஏதோ கொழுவலாம், ஆளைச் சாகடிச்சுப்போட்டாங்கள். சிரிப்பு நாடகத்தில! அண்ணை வாயைத் திறந்தவர், சத்தம் வரேல்ல. என்னைப் பாத்தார். நான் கோப்பையைப் பாத்தன். அக்கா அவற்ற வாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறா.

"ரூத் கனடாவுக்குப் போட்டாவாம்" எண்டார் அண்ணை. "தமையன்ர பெஞ்சாதிக்குப் பிள்ளைப்பெறு. பாக்கப் போயிருக்கிறா."

எப்ப வருவாவாம் எண்டு அக்கா கேட்டா. பிள்ளை தவழத் தொடங்க எண்டு இவர் சொன்னார். அண்டைக்குத்தான் கன நாளுக்குப் பிறகு அவா தனக்கெண்டு சோறு போட்டுச் சாப்பிட்டவா. நானும் அண்ணையும் பல்கனியில நிண்டு, இதைப் பிறகு பாப்பம், இப்ப மனுசி சாப்பிட்டதே காணும் எண்டு முடிவெடுத்தம்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதுக்குச் சோறு போட்டு வளக்கவேண்டி வருமெல்லே. நாடகம் பதினொரு சீசன்! பிள்ளை தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போயிருக்கும், ரூத்தைக் காணேல்ல. அண்ணை என்ன செய்தார் தெரியுமோ? ரூத்துக்குக் கனடாவில கேஸ் போட்டிருக்கு, பேப்பர் கிடைக்க முதல் வெளியில வரேலாது எண்டார். அமெரிக்க வெள்ளைக்காரிக்குக் கனடாவில அகதி கேஸ்! எனக்குச் சிரிப்பை அடக்கத் தேத்தண்ணி புரையேறிச்சுது. அக்கா மட்டும், எங்களுக்கும் அப்பிடித்தானே இழுத்தவங்கள் எண்டு தலையாட்டினா.

பிறகு வால்டருக்கு டயான் எண்டொருத்தி வந்து சேந்தாள். அண்ணை அவளை மேல்மாடி வாடகைக்காரி ஆக்கினார். வாடகைக்காரி ஏன் வால்டற்ற சேர்ட்டைப் போட்டிருக்கிறாள் எண்டு அக்கா கேட்டா. அவளின்ர உடுப்புத் தோய்க்கிற மெசின் பழுதாம் எண்டார் லோன்றிக்காரர். கொஞ்சிற இடத்தில இருமுவார். வால்டரும் டயானும் கலியாணம் கட்டின பாகம் போன அண்டைக்கு அண்ணை ஓடிப்போய் ஃபியூசைக் கழட்டிப்போட்டார், வீடு முழுக்க இருட்டு.

ஆனா கடைசிப் பாகத்துக்கு அவரிட்ட ஒரு பொய்யும் இல்லை. அக்கா வேலையில நிண்ட நேரம் ரி.வியில அது போக, தனியப் பாத்தவர். வால்டர் வீட்டை வித்துப்போட்டு, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு ரூத்தின்ர கல்லறைக்குப் போறார். கல்லில ரூத் எண்டு கொட்டை எழுத்தில கிடக்கு. அதை என்னெண்டு மறைக்கிறது? சனல்காரர் நிப்பாட்டிப்போட்டாங்கள், கடைசிப் பாகம் ஜெர்மனியில வராதாம் எண்டு மனுசிக்குச் சொல்லிவிட்டார். அந்த ரி.விக்காரரை ஆர்தான் நம்பாயினம்? அவ்வளவோட விசயம் முடிஞ்சுது எண்டு நாங்களும் மறந்துபோனம்.

இப்ப ஒப்பரேசன் எண்டவுடன புஷ்பமலர் அக்கா மகளிட்ட ஒண்டே ஒண்டுதான் கேட்டிருக்கிறா. கொப்பர் அந்தக் கதையை எனக்குச் சொல்லி முடிக்கேல்ல, அந்தக் கடைசிப் பாகத்தை எங்கயாவது தேடி எடு, குரல் போக முதல் அவற்ற வாயால கேக்கவேணும் எண்டு. லவினியாவுக்கு இதில ஒண்டும் தெரியாது. பழைய டிஸ்க் ஒண்டை எங்கயோ இருந்து எடுப்பிச்சு, அப்பா சொல்லச் சொல்லப் போனில பதிஞ்சும் வைக்கப்போறாளாம்.

"நீங்கள் போய் உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை" எண்டன் நான், அந்தச் சைக்கிள் விடுற இடத்தில.

மாட்டன் எண்டு அவர் தலையை ஆட்டினார். முந்தியெண்டால் அவாவுக்கு ஜெர்மன் தெரியாது. இப்ப பாலர் பாடசாலைக் குசினியில இத்தினை வருசமா வேலை, வங்கியில சண்டை பிடிக்கிற அளவுக்கு ஜெர்மன். பாத்த உடன விளங்கிப்போகும்.

"தங்கச்சி செத்த நேரத்தில நான் அவாவைச் சின்னப்பிள்ளையைப் போல ஏமாத்தினது எண்டு நினைச்சால்? இவன் வேற என்னென்ன பொய் சொன்னவனோ எண்டு யோசிச்சால்? விளங்கப்படுத்த எனக்குப் புதன்கிழமைக்குப் பிறகு குரல் இல்லை, பென்ஜமின்."

மனுசன்ர கண் கலங்கிப்போச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நாடகத்தை எடுத்தவனைப் பிடிச்சுச் சாத்தவேணும்போல இருந்தது. நான் ஒரு யோசினை சொன்னன். கல்லறை வாற நேரம் நான் எழும்பிற மாதிரி எழும்பி, தேத்தண்ணியை அந்த டிஸ்க் போடுற பெட்டிக்கு மேல ஊத்திவிடுறன். பழைய பெட்டி, செத்துப்போகும். அண்ணை என்ர கையைப் பிடிச்சு அமத்தினார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டிட்டுப் போனன். அக்கா றோல்ஸ் பொரிச்சு வச்சிருக்கிறா, அண்ணைக்குத் தனியக் கஞ்சி. லவினியா போனை மேசையில அண்ணைக்குக் கிட்ட வச்சாள். அண்ணை அவற்ற பழைய மூலையில, அக்கா பக்கத்தில. நான் வேணுமெண்டே பெட்டிக்குக் கிட்டக் கதிரையைப் போட்டுக்கொண்டு, கோப்பையை மடியில வச்சுக்கொண்டு இருந்தன். குடிக்கேல்ல. கொதிக்கக் கொதிக்க வாங்கினது ஆறிக்கொண்டு வருது.

வால்டர் வீட்டுப் பாட்டுத் தொடங்கிச்சுது. அண்ணை சுடுதண்ணி ஒரு மிடறு குடிச்சுப்போட்டுத் தொடங்கினார். ஐயோ, அந்தக் குரல். அடித் தொண்டையும் இல்லை, மூக்கும் இல்லை, உரஞ்சுப்பட்டுக்கொண்டு வருது. ஆனாலும் வால்டர்தான். மாமனார் தன்ர கருவாட்டுப் பெட்டியை லொறியில ஏத்தவிடமாட்டன் எண்டு நிண்டார். நாங்கள் எல்லாரும் சிரிச்சம். ஜெர்மனியில பிறந்து வளந்த லவினியாவுக்கு, நாடகத்தில கருவாடே இல்லை எண்டு நல்லாத் தெரியும், அவளும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாள். ஒவ்வொரு வசனத்துக்கும் மனுசன் கழுத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் கதைக்கிறார். காணும் அப்பா, கொஞ்சம் பொறுங்கோ எண்டாள் மகள். அவர் கையால மறிச்சுப்போட்டுத் தொடந்தார். அக்கா அவற்ற வாயையே பாத்துக்கொண்டு இருக்கிறா.

வீடு வெறுமையாச்சு. வால்டர் கதவைப் பூட்டினார். எல்லாரும் காரில ஏறிச்சினம். கார் ஒரு பூக்கடையடியில நிண்டுது.

அண்ணை என்னைப் பாத்தார். நான் எழும்பினன். கோப்பை கையில, பெட்டி ஒரு எட்டில.

"பென்ஜமின், இரும்" எண்டா அக்கா. என்னைத் திரும்பிப் பாக்கவும் இல்லை. "தேத்தண்ணி கொட்டுப்படப் போகுது."

அந்தக் குரலுக்கு நான் இருந்திட்டன்.

இரும்புக் கேற்றைத் திறந்துகொண்டு வால்டரும் பிள்ளையளும் உள்ளுக்குப் போகினம். எல்லாரும் கறுப்புக் கோட், கையில பூ. அண்ணை வாயைத் திறந்தார். காத்து வந்தது. திரும்பத் திறந்தார். நரம்பு புடைக்குது, கண்ணால தண்ணி ஓடுது, ஒரு சத்தமும் இல்லை. ரி.வியில ஜெர்மன்காரன் தன்ர பாட்டுக்குக் கதைக்கிறான். லவினியா போனைத் தூக்கிக் கிட்டக் கொண்டுபோறாள், ஒண்டும் விளங்காமல். அப்பதான் அந்தக் கல் ரி.வி முழுக்க வந்தது. ரூத்.

அக்கா அண்ணையின்ர கையை எடுத்துத் தன்ர மடியில வச்சா. கண் ரி.வியிலதான்.

"எல்லாரும் விமான நிலையத்துக்கு வந்திட்டினம்" எண்டா.

நான் ரி.வியைப் பாத்தன், அக்காவைப் பாத்தன்.

"ரூத்துக்குக் கேஸ் சரிவந்திட்டுதாம். இண்டைக்கு வாறாவாம். வெளியில நல்ல குளிர், அதுதான் எல்லாருக்கும் கறுப்புக் கோட். பூக்கொத்தும் வாங்கிக்கொண்டு வந்திருக்கினம். இத்தினை வருசத்தில முகம் மாறியிருக்குமெல்லே, அதுதான் அவான்ர பேரைப் பெரிசா எழுதி வச்சுக்கொண்டு நிக்கினம்."

ரி.வியில வால்டர் குனிஞ்சு கல்லைத் தடவினார்.

"வால்டர் அழுறார்" எண்டா அக்கா. அவான்ர குரலும் கொஞ்சம் உடைஞ்சுது. "விமானம் பிந்துதாம்."

அண்ணை அவா பக்கம் திரும்பினார். எங்க இருந்தோ கொஞ்சம் குரல் வந்தது, கதவடியில உரசிற மாதிரி.

"உமக்கு எப்ப தெரியும்?"

"அந்தப் பிள்ளையள் கறுப்புச் சட்டையோட குசினியில நிண்ட அண்டைக்கே தெரியும். எனக்கு அப்ப ஜெர்மன்தான் தெரியாது, கண் தெரியுமெல்லே." அக்கா சீலைத் தலைப்பால அவற்ற முகத்தைத் துடைச்சுவிட்டா. "றெஜினா கனடாவுக்குப் போய்ச் சேரேல்ல. ரூத் போய்ச் சேந்திட்டா எண்டு நீங்கள் சொன்னியள். எனக்கு அது காணுமாயிருந்தது. இந்தப் பாரத்தை நெஞ்சில வச்சுக்கொண்டு நீங்கள் கத்திக்குப் போகக்கூடாது எண்டுதான் இதைத் தேடச் சொன்னனான். இனிக் கதையைக் குழப்பாதேங்கோ. விமானம் இறங்கப் போகுது."

அண்ணை அவான்ர தோளில தலையைச் சாச்சுக்கொண்டார். கடைசிப் பாட்டுப் போகும் வரைக்கும் அக்காதான் சொன்னா. ரூத் வெளியில வந்திட்டாவாம், வந்ததும் வராததுமா இடுப்பில கையை வச்சுக்கொண்டு வால்டரைப் பேசுறாவாம், அந்த வாடகைக்காரி ஆர் எண்டு. அதுக்கு அண்ணைக்கு வந்த சிரிப்பு இருக்கே, இருமலும் அழுகையும் எல்லாம் ஒண்டாக் கலந்து, செற்றியே குலுங்கிச்சுது. நான் ஆறின தேத்தண்ணியை ஒரே மிடறாக் குடிச்சன். அப்பான்ர குரலைப் பதிய எண்டு வச்ச போனில முழுக்க அம்மான்ர குரல்தான் கிடக்கு எண்டு லவினியா பிறகு சொல்லிக்கொண்டு திரிஞ்சாள். ஆனா அதை அவள் அழிக்கேல்ல.

புதன்கிழமை விடிய வேலைக்குப் போற வழியில ஹொஸ்பிற்றலுக்குப் போனன். அண்ணையை வெளிக்கிடுத்தி, கட்டிலோட தள்ளிக்கொண்டு வருகினம். பச்சைத் தொப்பி, முகம் மஞ்சளாப்போய்க் கிடக்கு. அக்கா செபமாலையைக் கையில சுத்திக்கொண்டு கூட நடக்கிறா. லிப்ற்றுக் கதவடியில தாதி நிண்டு, இனி இதுக்கு அங்கால வரேலாது எண்டு சொன்னா. அண்ணை கையைக் காட்டி ஒரு நிமிசம் கேட்டார்.

நான் நினைச்சன், பிள்ளையைப் பாத்துக்கொள்ளும் எண்டு சொல்லப்போறாராக்கும் எண்டு. அவர் அக்காவைக் கிட்ட வரச் சொல்லி, கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு, மிச்சம் இருந்த அவ்வளவு குரலையும் சேத்துக் கேட்டார்.

"ரூத்தின்ர சூட்கேஸ் வந்திட்டுதோ?"

"வந்திட்டுது" எண்டா அக்கா. "உங்களுக்கும் ஒரு சேர்ட் கொண்டு வந்திருக்கிறா. கெதியா வந்து போட்டுப் பாருங்கோ."

லிப்ற் பூட்டிச்சுது. அவற்ற சொந்தக் குரலை நான் கடைசியாக் கேட்டது அதுதான்.